எச்டிஎம்எல் கோப்பைத் திறந்தால் 'ஆப் இல்லை' என்கிறது, ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?

வேளிமலை
திங்கள், இரவு 9.40

தக்கலையில் சின்னதாக ஓர் இணையச் சேவைக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு சிஸ்டம், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். போன வாரம் ஒருவர் அவசரமாக பிடிஎஃப்பை வேர்டாக மாற்றித் தரச் சொன்னார் என்று இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை இரண்டு சிஸ்டத்திலும் போட்டேன். வேலை முடிந்ததும் நீக்கியும் விட்டேன். அதற்குப் பிறகுதான் தொல்லை.

விண்டோஸ் 11 இருக்கும் சிஸ்டத்தில் எச்டிஎம்எல் கோப்பை, அதாவது சேமித்த வலைப்பக்கத்தை, டபுள் கிளிக் செய்தால், இந்தக் கோப்புடன் எந்த ஆப்பும் இணைக்கப்படவில்லை, டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தில் போய் இணைக்கவும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருகிறது. விண்டோஸ் 10 சிஸ்டத்தில் சில கோப்புகள் நோட்பேடில் திறந்து வெறும் குறியீடாகக் கொட்டுகின்றன, சில ஒழுங்காகத் திறக்கின்றன, சில திறக்கவே இல்லை.

எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடித்த வரியின் கணக்கைத் தாக்கல் செய்கிற கணக்கர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், அந்தச் சரிபார்ப்பு மென்பொருள் பிழைப் பட்டியலை எச்டிஎம்எல் ஆகத்தான் தரும். தேர்வு எழுதின பிள்ளைகள் தாங்கள் குறித்த விடைகள் இருக்கிற ரெஸ்பான்ஸ் ஷீட்டை சேமித்து பென் டிரைவில் கொண்டுவந்து பிரிண்ட் கேட்கிறார்கள். சர்வீஸ் கடையில் கேட்டேன், ஃபார்மட் செய்தால்தான் போகும் என்றார்கள். கணக்கு டேட்டா, பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர் எல்லாம் மறுபடி போட வேண்டும், இரண்டு நாள் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அதற்கு முன்னால் வேறு வழி இருக்கிறதா என்று யாராவது சொல்லுங்கள்.

முட்டம் பாறை
திங்கள், இரவு 9.58

அக்கா, ஃபார்மட் எல்லாம் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் போங்கள். மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும், அதில் புள்ளி வைத்து எச்டிஎம்எல் என்று அடித்தால் இப்போது எது இணைந்திருக்கிறது என்று காட்டும். அதைத் தொட்டு க்ரோமையோ எட்ஜையோ தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இல் அதே பக்கத்தின் அடியில் 'கோப்பு வகைப்படி தேர்ந்தெடு' என்ற இணைப்பு இருக்கும், நீளமான பட்டியல் வரும், பொறுமையாக இறங்கிப் போங்கள். ஐந்து நிமிட வேலை.

வேளிமலை
செவ்வாய், காலை 11.15

தம்பி, நீ சொன்னபடி இரண்டிலும் செய்தேன். 11இல் பாதி சரியானது. டிடிஎஸ் பட்டியல் இப்போது திறக்கிறது. ஆனால் ஒரு பென் டிரைவில் இருந்த நான்கு கோப்பில் இரண்டு இன்னும் அதே பெட்டியைத்தான் காட்டுகின்றன. 10இல் நேற்று ராத்திரி க்ரோமை வைத்துவிட்டுப் போனேன், காலையில் வந்து பார்த்தால் வேறு ப்ரௌசரில் திறக்கிறது, மூலையில் 'ஒரு ஆப் சிக்கல் செய்ததால் டீஃபால்ட் மீட்டமைக்கப்பட்டது' என்று அறிவிப்பு. நோட்பேடில் திறக்கிறவை இன்னும் நோட்பேடில்தான்.

பழையாறு
செவ்வாய், மதியம் 1.30

தங்கச்சி, நாகர்கோவிலில் இருபது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நீங்கள் ஒரே நோய் என்று நினைப்பது மூன்று நான்கு நோய். ஒரே மருந்தைக் கொடுத்தால் ஒன்றுதான் குணமாகும், மற்றது அப்படியே கிடக்கும். முட்டம் தம்பி சொன்னது தப்பில்லை, ஆனால் அது ஒரு நோய்க்கான மருந்து.

முதலில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். 11இல் 'வியூ' போய் 'ஷோ' என்பதற்குள் இருக்கும். விண்டோஸ் தனக்குத் தெரிந்த வகைகளின் கடைசிப் பெயரை மறைத்துவைப்பதுதான் வழக்கம், அதனால் நமக்குக் கோப்பின் முழுப்பெயர் தெரிவதில்லை. இது தெரியாமல் டீஃபால்ட் ஆப்பை எத்தனை தடவை மாற்றினாலும் இருட்டில் சாவி தேடுகிற கதைதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டபுள் கிளிக் செய்யும்போது விண்டோஸ் கோப்புக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்த்து, இதற்கு யார் என்று தன் பதிவேட்டில் கேட்கும். சந்தையில் மட்டி வாழைக் குலையில் செவ்வாழை என்று சீட்டு எழுதிக் கட்டினால், சீட்டை மட்டும் பார்க்கிறவர் செவ்வாழை என்றே எடுத்து வைப்பார். குலையில் குற்றமில்லை, எடுத்தவர் மேலும் குற்றமில்லை. சீட்டுதான் தப்பு.

அப்புறம் ஒரு சோதனை. எந்தக் கோப்பு திறக்கவில்லையோ அதை, ப்ரௌசரை முதலில் திறந்துவைத்துக்கொண்டு, அதன் மேல் இழுத்துப் போடுங்கள். அப்போது ஒழுங்காகத் தெரிந்தால் கோப்பு நல்லது, இணைப்புதான் கெட்டது. இழுத்துப் போட்டும் குறியீடாகவே தெரிந்தால், அல்லது ப்ரௌசர் அதை மறுபடி டவுன்லோட் செய்தால், பெயரிலோ உள்ளடக்கத்திலோ கோளாறு. செய்து பார்த்துவிட்டு, முழுப்பெயர்களோடு எழுதுங்கள். வாடிக்கையாளரின் பெயர் இருந்தால் மட்டும் நீக்கிவிடுங்கள்.

வேளிமலை
செவ்வாய், மாலை 6.20

அண்ணாச்சி, டிக் செய்ததும் எனக்கே அதிர்ச்சி. நோட்பேடில் திறந்த ரெஸ்பான்ஸ் ஷீட்டுகளின் பெயர் எச்டிஎம்எல் என்று முடிந்து, அதற்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைத்து டிஎக்ஸ்டி என்று இருக்கிறது! இழுத்துப் போட்டாலும் குறியீடுதான் வருகிறது. பென் டிரைவில் திறக்காத இரண்டில் ஒன்று எச்டிஎம் என்று முடிகிறது, கடைசி எல் இல்லை. அது இழுத்துப் போட்டால் அழகாகத் திறக்கிறது. இன்னொன்று ஒருவர் சான்றிதழ் என்று கொண்டுவந்தது, ஏஎஸ்பிஎக்ஸ் என்று முடிகிறது, இழுத்துப் போட்டால் மறுபடி டவுன்லோட் ஆகிறது. 10இல் ஒன்று எம்எச்டி. ஒரு வாரமாக இதெல்லாம் ஒரே கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழையாறு
செவ்வாய், இரவு 8.05

நல்லது, இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிஎக்ஸ்டி வால் ஒட்டினவை: யாரோ குறியீட்டை நோட்பேடில் ஒட்டி சேமித்திருக்கிறார்கள். நோட்பேட், கீழே 'சேவ் ஆஸ் டைப்' இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றாவிட்டால், தன் டிஎக்ஸ்டியைப் பின்னால் ஒட்டிவிடும். வால் மறைந்திருப்பதால் அவர்கள் கண்ணுக்கு எச்டிஎம்எல் என்றே தெரிந்திருக்கும். எஃப்2 அழுத்தி அந்த வாலை அழித்துவிடுங்கள், விண்டோஸ் எச்சரிக்கும், சரி என்று சொல்லுங்கள். இதற்கு டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தைத் தொட வேண்டிய வேலையே இல்லை. நீங்கள் தொட்டும் மாறாததற்குக் காரணம் அதுதான், நீங்கள் மாற்றியது எச்டிஎம்எல்லை, கோப்போ டிஎக்ஸ்டி.

எச்டிஎம்: இது பழைய டாஸ் காலத்து மிச்சம். அப்போது பெயருக்கு எட்டு எழுத்து, வாலுக்கு மூன்று எழுத்து என்ற கட்டுப்பாடு, எனவே நான்கு எழுத்து எச்டிஎம்எல் மூன்றாகச் சுருங்கியது. விண்டோஸ் 95 வந்து நீளப் பெயர்கள் வந்தபிறகும் இரண்டும் புழக்கத்தில் நின்றுவிட்டன. உள்ளே இருப்பது ஒன்றுதான், ஆனால் விண்டோஸின் பதிவேட்டில் இவை இரண்டு தனித்தனி வரிகள். நீங்கள் எச்டிஎம்எல்லை மட்டும் சரி செய்தீர்கள், எச்டிஎம் இன்னும் நீக்கப்பட்ட அந்த மென்பொருளையே தேடிக்கொண்டிருக்கிறது. டீஃபால்ட் ஆப்ஸில் தேடல் பெட்டியை விட்டுவிட்டு, கீழே பட்டியலில் உங்கள் ப்ரௌசரின் பெயரைத் திறந்தால் மேலே 'செட் டீஃபால்ட்' என்ற பொத்தான் இருக்கும். ஒரே தட்டில் இரண்டும் மாறிவிடும், இணைய முகவரிகளும் சேர்ந்து மாறும். விண்டோஸ் 11 வெளிவந்த 2021 அக்டோபரில் இந்தப் பொத்தான் கிடையாது, ஒவ்வொரு வகையாக மாற்ற வேண்டியிருந்தது, அதைப் பற்றி நிறையப் பேர் குறைப்பட்ட பிறகு 2022இல் வந்த அப்டேட்டில் சேர்த்தார்கள். அப்டேட் செய்யாத சிஸ்டமாக இருந்தால் இருக்காது.

எம்எச்டி: ஒரு பக்கத்தையும் அதன் படங்களையும் ஒரே கோப்பாகக் கட்டிவைக்கும் முறை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தில் அலுவலகங்களில் நிறையப் பேர் இப்படித்தான் சேமித்தார்கள். அது 2022 ஜூன் 15 அன்று ஓய்வுபெற்றது, இணைப்பு மட்டும் பல சிஸ்டங்களில் அதன் பெயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். எட்ஜும் க்ரோமும் எம்எச்டியைத் திறக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தானாகத் திறக்காது, அதனால் இந்த வகைக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஏஎஸ்பிஎக்ஸ்தான் நுணுக்கமானது. அது சர்வரில் ஓடுகிற நிரலின் பெயர், உங்கள் கைக்கு வரவேண்டிய கோப்பின் பெயரே இல்லை. தளம் பிடிஎஃப்பை அனுப்பும்போது பெயரைச் சரியாகச் சொல்லாமல் விட்டால், ப்ரௌசர் முகவரியில் இருந்த பெயரையே வைத்துவிடும். அதை நோட்பேடில் இழுத்துப் போட்டு முதல் வரியை மட்டும் பாருங்கள். சதவீதக் குறியும் உடனே பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும் இருந்தால் அது பிடிஎஃப். பி, கே என்ற இரண்டு பெரிய ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது ஜிப், அல்லது புதிய வேர்டு, எக்ஸெல் கோப்பு, ஏனென்றால் அவையும் உள்ளுக்குள் ஜிப்தான். சிறியது குறி, ஆச்சரியக்குறி, டாக்டைப் என்று தொடங்கினால் அது வெறும் வலைப்பக்கம். எதுவோ அதற்கேற்ற வாலை வைத்துப் பெயர் மாற்றுங்கள். பெயர் மாற்றினால் உள்ளடக்கம் மாறாது, ஆகவே பயப்பட வேண்டாம், ஆனாலும் ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு மாற்றுங்கள், வாடிக்கையாளர் கோப்பு அல்லவா.

திற்பரப்பு
செவ்வாய், இரவு 9.12

அண்ணாச்சி, நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கணும். நான் கல்லூரியில் வெப் டிசைன் படிக்கிறேன். எச்டிஎம்எல் கோப்பு நன்றாகத் திறக்கிறது. ஆனால் அதோடு இருக்கிற ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) கோப்பை டபுள் கிளிக் செய்தால் 'விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்று ஒரு பெட்டி வந்து, டாக்குமென்ட் வரையறுக்கப்படவில்லை, பிழை எண் 800ஏ1391 என்கிறது. நிரலை நான்கு தடவை சரிபார்த்துவிட்டேன், தப்பே இல்லை. பிஎச்பி கோப்பும் ப்ரௌசரில் ஓடவில்லை, குறியீடு அப்படியே வருகிறது. நாளை லேப் ரெக்கார்டு காட்ட வேண்டும்.

பழையாறு
செவ்வாய், இரவு 9.50

மக்கா, உன் நிரலில் தப்பில்லை, நீ அதைத் தட்டின இடம்தான் தப்பு. விண்டோஸில் ஜேஎஸ் வகை ப்ரௌசரோடு இணைந்திருக்காது, ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்ற பழைய கருவியோடு இணைந்திருக்கும். அந்தக் கருவி அதை ப்ரௌசருக்கு வெளியே, கம்ப்யூட்டரின் நிரலாகவே ஓட்டப் பார்க்கும். 'டாக்குமென்ட்' என்பது வலைப்பக்கத்துக்குள் மட்டும் இருக்கிற பொருள், வெளியே அதைத் தேடினால் கிடைக்காது, அதைத்தான் அந்த எண் சொல்கிறது. நீ திறக்க வேண்டியது எச்டிஎம்எல் கோப்பை. அது ஜேஎஸ்ஸை ஸ்கிரிப்ட் வரி மூலம் தானே அழைத்துக்கொள்ளும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அது எல்லாருக்கும்: மின்னஞ்சலில் வருகிற ஜேஎஸ், எச்டிஏ வகைக் கோப்புகளை ஒருபோதும் டபுள் கிளிக் செய்யாதீர்கள். பெயரைப் பார்த்தால் வலைக் கோப்பு மாதிரி இருக்கும், ஆனால் அவை உங்கள் கம்ப்யூட்டரில் நிரலாக ஓடும், வைரஸ் போடுகிறவர்கள் வருடக்கணக்காக அந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் எனக்குத் தெரிந்த எல்லாக் கடைகளிலும் ஜேஎஸ் வகையை நோட்பேடோடு இணைத்துவிட்டுத்தான் வந்தேன். ரைட் கிளிக், ஓப்பன் வித், நோட்பேட், ஆல்வேஸ். தெரியாமல் தட்டினாலும் எழுத்தாக மட்டும் திறக்கும்.

பிஎச்பி ப்ரௌசரில் ஓடாது, அது சர்வரில் ஓடுகிற மொழி. சொந்தக் கம்ப்யூட்டரையே சர்வராக்குகிற எக்ஸ்ஏஎம்பிபி போட்டிருப்பாய், அதன் எச்டிடாக்ஸ் ஃபோல்டரில் உன் கோப்பை வைத்து, அதன் கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி என்ற சர்வரை ஸ்டார்ட் செய்து, முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, சாய்கோடு போட்டு கோப்பின் பெயரைக் கொடு. டபுள் கிளிக் செய்தால் முகவரியில் ஃபைல் என்று தொடங்கும், அப்படித் தொடங்கினால் சர்வர் வழியாக வரவில்லை என்று அர்த்தம். தயவுசெய்து பிஎச்பியை ஃபயர்ஃபாக்ஸோடு 'எப்போதும்' என்று இணைத்துவிடாதே. தனக்குக் காட்டத் தெரியாத வகையைத் திறக்க அது தன்னையே அழைக்க ஆரம்பித்தால் டேப் டேப்பாகத் திறந்துகொண்டே போகும், நிறுத்துவதற்குள் சிஸ்டம் மூச்சுமுட்டிவிடும்.

முட்டம் பாறை
புதன், காலை 7.30

அக்காவின் விண்டோஸ் 10 சிஸ்டம் காலையில் மாறிவிடுகிற விஷயத்துக்கு: கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து அசாக், எஃப்டைப் என்ற இரண்டு கட்டளை கொடுத்தால் கட்டாயமாக மாற்றலாமே. இல்லாவிட்டால் பதிவேட்டையே திருத்துகிற ரெஜ் கோப்புகள் இணையத்தில் கிடக்கின்றன, டபுள் கிளிக் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். நான் விண்டோஸ் 7 காலத்தில் அப்படித்தான் செய்தேன், உடனே வேலை செய்தது.

பழையாறு
புதன், காலை 8.45

தம்பி, விண்டோஸ் 7இல் வேலை செய்தது சரிதான். விண்டோஸ் 8 முதல் அது மாறிவிட்டது, இதை விளக்காமல் விட்டால் யாராவது சிஸ்டத்தைக் கெடுத்துக்கொள்வார்கள்.

அசாக், எஃப்டைப் இரண்டும் கம்ப்யூட்டர் முழுமைக்குமான பட்டியலைத்தான் மாற்றும். ஆனால் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக 'யூசர் சாய்ஸ்' என்று ஒரு பதிவு இருக்கிறது, விண்டோஸ் முதலில் பார்ப்பது அதைத்தான். நீ கட்டளையில் க்ரோம் என்று எழுதினாலும் யூசர் சாய்ஸில் வேறு பெயர் இருந்தால் அந்த வேறு பெயர்தான் செல்லும். அந்தப் பதிவோடு ஹேஷ் என்ற ஒரு சரிபார்ப்புக் குறியையும் சேர்த்து வைத்திருப்பார்கள், பயனர் தன் கையால் திரையில் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு அத்தாட்சி மாதிரி. ஏதாவது மென்பொருளோ ரெஜ் கோப்போ பெயரை மட்டும் மாற்றிவிட்டால் ஹேஷ் பொருந்தாது, விண்டோஸ் அதைச் சந்தேகப்பட்டு முழுவதையும் மீட்டமைத்துவிடும். தங்கச்சி காலையில் பார்த்த அறிவிப்பு அதுதான்! அதாவது, ராத்திரி அவர் சரியாக வைத்துவிட்டுப் போனதை யாரோ பின்வாசல் வழியாக மாற்றப் பார்த்திருக்கிறார்கள். நீ சொல்கிற ரெஜ் கோப்பும் அதே பின்வாசல் வழிதான். 2024 முதல் வந்த அப்டேட்களில் இன்னும் இறுக்கி, சில முக்கிய வகைகளுக்கு வெளி மென்பொருள் பதிவேட்டில் கைவைக்கவே முடியாதபடி ஒரு காவல் டிரைவரையும் சேர்த்திருக்கிறார்கள்.

எனவே, தங்கச்சி, அந்த மாற்றி மென்பொருள் போகவில்லை. அதன் ஒரு துண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைப் பாருங்கள். அப்புறம் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, நீங்கள் வைக்காத பெயரில், தினமும் ஓடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தி, அதே நாளில் உங்களுக்குத் தெரியாமல் கூடவே வந்தது எது என்றும் பாருங்கள். அதை நீக்கிவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் டீஃபால்ட்டை மாற்றவேண்டும்.

முட்டம் பாறை
புதன், காலை 9.05

ஹேஷ் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி, நன்றி. ஆனால் அசாக்கை முழுவதும் தள்ளிவிட வேண்டாம். எதையும் மாற்றாமல் வெறுமனே அசாக், புள்ளி எச்டிஎம்எல் என்று அடித்தால் கம்ப்யூட்டர் பட்டியலில் என்ன பெயர் இருக்கிறது என்று காட்டும். நீக்கின மென்பொருளின் பெயர் அங்கேயும் ஒட்டிக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும். பார்க்க மட்டும் பயன்படுத்தலாம்.

பழையாறு
புதன், காலை 9.20

ஒத்துக்கொள்கிறேன். பார்க்க நல்ல கருவி.

குளச்சல் அலை
புதன், மாலை 4.40

போனிலும் இதே தொல்லை இருக்கிறதே. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். விசா தொடர்பான ஒரு பக்கத்தை லேப்டாப்பில் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். தட்டினால் 'எச்டிஎம்எல் வியூவர்' என்று ஏதோ ஒன்றில் திறக்கிறது, படம் ஒன்றும் இல்லை, எழுத்தெல்லாம் ஒரே வரிசையில் கலைந்து கிடக்கிறது. போன் பழையது என்பதாலா?

பழையாறு
புதன், மாலை 5.30

போன் மேல் தப்பில்லை. அண்ணன் 'வெப் பேஜ், கம்ப்ளீட்' என்று சேமித்திருப்பார். அப்படிச் சேமித்தால் ஒரு எச்டிஎம்எல் கோப்பும், அதே பெயரோடு 'ஃபைல்ஸ்' என்று முடிகிற ஒரு ஃபோல்டரும் உருவாகும். படங்கள், எழுத்தின் அலங்காரம் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான். அவர் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு ஃபோல்டரை அங்கேயே விட்டுவிட்டார். ப்ரௌசரில் பிரிண்ட் கொடுத்து, பிரிண்டருக்குப் பதில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' என்று தேர்ந்தெடுத்து அந்தப் பிடிஎஃப்பை அனுப்பச் சொல்லுங்கள். போனிலும் எந்தச் சிக்கலும் இல்லாமல் திறக்கும்.

வேறு ஆப்பில் திறக்க வேண்டுமானால், போன் செட்டிங்ஸில் ஆப்ஸ் போய், தவறாகத் திறக்கிற ஆப்பைத் தேர்ந்தெடுத்து, 'ஓப்பன் பை டீஃபால்ட்' என்பதில் டீஃபால்ட்டை அழித்துவிடுங்கள். அடுத்த தடவை எதில் திறக்க என்று அதுவே கேட்கும்.

கருங்கல் சந்தை
புதன், இரவு 8.15

இவ்வளவு நேரம் எச்டிஎம்எல் கோப்பை எப்படித் திறப்பது என்று பேசுகிறோம். எதைத் திறக்கக்கூடாது என்றும் யாராவது கேட்கட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது. அம்மாவுக்கு மின்னஞ்சலில் 'வங்கி ஸ்டேட்மென்ட்' என்று எச்டிஎம்எல் இணைப்பு வந்தது. அது திறக்கவில்லை. அம்மா கேட்டார்கள் என்று நான்தான் ஓப்பன் வித் போட்டுத் திறந்துகொடுத்தேன், ஏதோ பெரிய உதவி செய்த மாதிரி. அச்சு அசல் வங்கிப் பக்கம், பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் கேட்டது. நல்லவேளை, அம்மா ஓடிபியைச் சொல்வதற்கு முன்னால் என் கண் மேலே முகவரியில் பட்டது. இணைய முகவரியே இல்லை, ஃபைல் என்று தொடங்கி எங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரின் பெயர் இருந்தது. நம் சொந்த டிஸ்க்கில் இருக்கிற பக்கம் எப்படி வங்கி ஆகும்? மூடிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றினோம்.

கடை வைத்திருக்கிற அக்கா கவனிக்கணும், வயதானவர்கள் இதை உங்களிடம்தான் 'திறந்து தாங்க' என்று கொண்டுவருவார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்த கணக்குக்கு நகரும்.

மார்த்தாண்டம் தேன்
புதன், இரவு 10.10

என்னுடையது வேறு மாதிரி. அப்பா 2003, 2004 வாக்கில் தமிழ்த் தளங்களிலிருந்து சேமித்துவைத்த நூற்றுக்கணக்கான எச்டிஎம்எல் பக்கங்கள் ஒரு சிடியில் இருக்கின்றன. ப்ரௌசரில் திறக்கிறது, ஆனால் தமிழ் வரவில்லை, புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வருகிறது. அப்பா இப்போது இல்லை. அவர் தேர்ந்தெடுத்து வைத்த பக்கங்கள் என்பதால் எப்படியாவது படிக்க வேண்டும்.

பழையாறு
புதன், இரவு 10.45

மக்களே, பயப்பட வேண்டாம், அந்தப் பக்கங்கள் ஒன்றும் அழியவில்லை. யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் தமிழுக்கு டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று பல குறியாக்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழைக் குடிவைத்தது, அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இங்கே கோப்பு இணைப்பு, டீஃபால்ட் ஆப் எதுவும் பிரச்சினை இல்லை, அதைத் தொடாதீர்கள். பக்கத்தை நோட்பேடில் திறந்து, மேல்பகுதியில் எழுத்துருப் பெயர் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள், எந்தக் குறியாக்கம் என்பதற்கு அதுதான் துப்பு. அது தெரிந்ததும், யூனிகோடுக்கு மாற்றுகிற எழுத்துமாற்றிக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, ஒரு பத்தியை ஒட்டிப் பார்த்தாலே சரியா இல்லையா என்று தெரிந்துவிடும். சிடியை முதலில் முழுவதுமாக ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இருபது வருட சிடி, நம் ஊர் உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. இன்று ராத்திரியே செய்யுங்கள்.

மார்த்தாண்டம் தேன்
வியாழன், காலை 6.50

ராத்திரியே நகலெடுத்துவிட்டேன். ஏழு கோப்பு மட்டும் படிக்க முடியவில்லை, மற்றது எல்லாம் வந்துவிட்டது. எழுத்துருப் பெயரில் டிஎஸ்சி என்று இருக்கிறது, டிஸ்கி என்று வைத்து மாற்றினேன். முதல் பத்தி அப்படியே தமிழில் வந்தது. ரொம்ப நன்றி அண்ணாச்சி.

திற்பரப்பு
வியாழன், மதியம் 1.05

லோக்கல்ஹோஸ்ட்டில் ஓடிவிட்டது அண்ணாச்சி, ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு. வகுப்பில் ஆறு பேருக்கு அதே 800ஏ1391 வந்திருந்தது, எல்லாருக்கும் சொன்னேன்.

வேளிமலை
வியாழன், இரவு 9.30

நேற்றும் இன்றும் கூட்டம், இப்போதுதான் உட்கார்ந்தேன். விண்டோஸ் 10இல் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த மாற்றி மென்பொருளின் 'அப்டேட்டர்' என்று ஒன்று தினமும் காலை ஒன்பதுக்கு ஓடுகிற மாதிரி இருந்தது. நான் கடை திறக்கிற நேரம்! அதை நீக்கி, கூடவே வந்திருந்த ஒரு தேடல் கருவியையும் எடுத்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்து க்ரோமை வைத்தேன். இன்று காலை மாறவில்லை. 11இல் 'செட் டீஃபால்ட்' பொத்தான் இருந்தது, எச்டிஎம்மும் திறக்கிறது. டிஎக்ஸ்டி வால் எல்லாவற்றையும் வெட்டியாச்சு. எம்எச்டியை எட்ஜுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு சிஸ்டத்திலும் ஜேஎஸ் இப்போது நோட்பேடில்தான்.

கருங்கல் எழுதினதைப் படித்தபிறகு, முகவரியில் ஃபைல் என்று தொடங்கி பாஸ்வேர்டு கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள் என்று பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து இரண்டு மானிட்டருக்கும் மேலே ஒட்டியிருக்கிறேன்.

அண்ணாச்சி, ஒன்று மட்டும் பாக்கி. அந்த ஏஎஸ்பிஎக்ஸை நோட்பேடில் பார்த்தேன். டாக்டைப் என்றுதான் தொடங்குகிறது, ஆகவே பிடிஎஃப் இல்லை. எச்டிஎம்எல் என்று பெயர் மாற்றித் திறந்தால் 'உங்கள் செஷன் முடிந்துவிட்டது, மறுபடி உள்நுழையவும்' என்று ஒரே ஒரு வரி.

பழையாறு
வியாழன், இரவு 9.45

அப்படியானால் அவருக்குச் சான்றிதழ் டவுன்லோட் ஆகவே இல்லை. லாகின் செய்து அப்படியே வைத்துவிட்டு நேரம் கழித்துப் பொத்தானை அழுத்தியிருப்பார், தளம் சான்றிதழுக்குப் பதில் அந்த அறிவிப்பை அனுப்பியிருக்கிறது. எந்த மென்பொருளாலும் அதிலிருந்து சான்றிதழை எடுக்க முடியாது, அவரே மறுபடி லாகின் செய்து எடுக்க வேண்டும்.

வேளிமலை
வியாழன், இரவு 9.52

சரி அண்ணாச்சி. அவர் குலசேகரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், இந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டார். இப்போதே போன் செய்து, நாளை வரும்போது ஓடிபி வருகிற போனையும் கையோடு கொண்டுவரச் சொல்கிறேன்.